நான்காம் பகுதி: அப்படியே

எங்கள் ஆபீஸ் வாசல் போர்டில் "முழங்கால் ஆழம்" என்று எழுதியிருந்தால் அது பாதைக்காரரின் முழங்கால். அவர் ஆள் குள்ளம். அதைப் படித்துவிட்டு பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கும் நெட்டையர்கள், கெண்டைக்கால் நனைந்ததோடு கரையேறி, திரும்பி வரும்போது என் டிக்கெட் ஜன்னலில் நின்று நக்கலடிப்பார்கள். நான் அவரைக் காட்டிவிடுவேன். அவர் எழுந்து நின்று, "இந்தக் கால்தான் சார் அளவுகோல், குறை இருந்தா எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்பார். இருபத்தாறு வருஷம் இந்த ஒரு ஜோக்கை வைத்தே ஓட்டினார் மனிதர்.

மலை உச்சிக்குக் கீழே உள்ள ஏரிக்குப் போகிற பாதை எங்கள் ஆபீஸ் வாசலில்தான் தொடங்குகிறது. பதினான்கு கிலோமீட்டர். வீடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மேலே இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார்கள். பாதையை ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறோம். அதில் தினமும் நடந்து பார்ப்பது பாதைக்காரர் வேலை. விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளுவார், அடைத்த வாய்க்காலைத் தோண்டி விடுவார், ஓடையில் காலை விட்டு ஆழம் பார்ப்பார். மாலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து வாக்கி டாக்கியில் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லுவார். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் போர்டில் எழுதுவேன். முந்தின நாள் இருந்த மாதிரியே இருக்கும் பகுதிக்கு "அப்படியே" என்பார். அந்த வரியை நான் அழிக்காமல் விட்டுவிடுவேன்.

எங்கள் எல்லோருக்கும் பயம் நான்காம் பகுதி. அதைக் கம்பிவழி என்போம். செங்குத்தான சரிவில் இரண்டடி அகலத்துக்கு வெட்டிய தடம். எண்பது தப்படி. இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக்கம்பி, அதைத் தாங்க மண்சுவரில் அடித்த பதினோரு முளைகள். வாரம் ஒரு தடவை சுத்தியலோடு போய் ஒவ்வொரு முளையையும் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் மண் பிடித்திருக்கிறது. 'டொக்' என்றால் உள்ளே இளகிவிட்டது. டொக் என்ற முளையைப் பிடுங்கிப் புதிதாக அடிக்காமல் அவர் கீழே இறங்கியதே இல்லை. ஒரு தடவை இதற்காகவே தன் சொந்த மச்சினன் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "போர்டை நம்பி ஒருத்தர் காலை வைக்கிறாங்க தங்கச்சி, கல்யாணத்துக்கு மொய் வேற யாராவது வைப்பாங்க" என்றார் என்னிடம்.

அந்தக் காலத்தில் போர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் "பார்த்த தேதி" என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் பகுதி இன்று பார்த்தது, நான்காம் பகுதி ஐந்து நாளுக்கு முன் பார்த்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிறகு புது அதிகாரி வந்தார். வந்த மூன்றாம் நாள் போர்டின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, இதென்ன கந்தல் துணி மாதிரி ஆளுக்கொரு தேதி, மேலே ஒரே தேதி போடுங்கள், தினமும் மாற்றுங்கள், பார்க்கிறவர்களுக்கு ஆபீஸ் உயிரோடு இருக்கிறது என்று தெரியட்டும் என்றார். பாதைக்காரர் இரண்டு தடவை மனு எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொடுத்தது நான்தான், அவருக்குக் கையெழுத்து கோணல். மனு எங்கே போனதோ, அதிகாரியின் மேஜைக் கால் ஆடாமல் இருக்க அதை மடித்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கட்டங்களை ஈரத்துணியால் அழித்ததும் நான்தான். அன்றிலிருந்து போர்டில் இருந்தது நான் எழுதிய தேதி. அவர் பார்த்த தேதி அவர் மனதில் மட்டும் இருந்தது.

அந்த ஆண்டு அவர் வலது முட்டி போயிற்று.

முதலில் நான் கவனித்தது நேரத்தை. பாதி வழியில் உள்ள மரப்பாலத்தை எட்டிவிட்டேன் என்று இரண்டு மணிக்குப் பேசுகிறவர் நான்கு மணிக்குப் பேசினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி, அதாவது அவர் மனைவி, என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முட்டி பந்து மாதிரி வீங்கிக் கிடக்கிறதாம். ராத்திரி முழுக்க ஒத்தடம் கொடுக்கிறாளாம். ஆபீஸுக்குத் தெரிந்தால் வாசலில் நாற்காலி போட்டுச் சீட்டுக் கிழிக்க உட்கார வைத்துவிடுவார்கள்.

"அந்த மனுஷனை அங்க உட்கார வச்சா ஆறு மாசம் தாங்க மாட்டாரு," என்றாள். "நீ பார்த்தும் பார்க்காத மாதிரி இரு. உன் கால்ல வேணா விழுறேன்."

காலில் எல்லாம் விழ வேண்டாம் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அதில் நான் கெட்டிக்காரி என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகு அவர் மூன்றாம் பகுதி முடிகிற மரப்பாலம் வரைதான் போனார். அங்கே உட்கார்ந்து, மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களை நிறுத்தி, கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பார்கள். கம்பியைப் பிடித்து நடந்தவனுக்கு முளைக்குள் மண் இளகியது எப்படித் தெரியும்? அவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஐந்து மணிக்கு, "நாலு அப்படியே, அஞ்சு அப்படியே" என்பார். நானும் இரண்டு வரிகளை அழிக்காமல் விட்டு, மறுநாள் காலை வந்ததும் மேலே தேதியை மட்டும் மாற்றுவேன். "நான்காம் பகுதி: தடம் சரி. கம்பி உறுதி." என்னுடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷம் ஒரு தடவை, பள்ளி விடுமுறையில், தனியாக வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அம்மா, ஒரு தம்பி. வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போர்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், படிக்க மாட்டார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். சின்ன நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொள்வார். முதல் வருஷமே பாதைக்காரரை நிற்க வைத்து, ஸ்கேலால் அவர் முழங்கால் உயரத்தை அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் "பாதைக்காரர் முழங்கால் = பதினாறு அங்குலம்" என்று குறித்துக்கொண்டார். அவர் வெட்கப்பட்டு நெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே. இறங்கி வரும்போது டீச்சர் திருத்தம் கொண்டு வருவார். இரண்டாம் பகுதியில் போர்டில் இல்லாத ஒரு மரம் விழுந்திருக்கிறது அண்ணா, ஐந்தாம் பகுதியில் ஓடை இன்னும் இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது அண்ணா. அவர் அந்தத் திருத்தங்களைப் பரிசு வாங்கியது போல வாங்கிக்கொள்வார். எழுதுவதைப் படிக்க உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது என்று அண்ணியிடம் போய்ச் சொல்வாராம்.

அந்த வருஷம் டீச்சர் வருவதற்கு முன் நான்கு நாள் மழை கொட்டியது. மேலே யாரும் போகவில்லை, மேலேயிருந்து யாரும் வரவுமில்லை. பாலத்தில் கேட்பதற்குக்கூட ஆள் இல்லை. நான்காம் நாள் மாலை அவர் முதல் பகுதியில் உள்ள ஊற்றுவரை மட்டும் போய், அங்கிருந்து பேசினார். ஒன்று சேறு, இரண்டு சேறு. மூன்று என்று ஆரம்பித்து நிறுத்தினார். நான் காத்திருந்தேன். கடைசியில், "மூணு, நாலு, அஞ்சு அப்படியே" என்றார். எழுதினேன்.

மறுநாள் வானம் வெளுத்தது. அவர் முதல் பஸ்ஸுக்கே டவுனுக்குப் போய்விட்டார், முட்டிக்குள் ஊசி போட. எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு மணிக்கு டீச்சர் வந்தார். நான்கு நாள் அடைந்து கிடந்த கூட்டம் முழுக்க அன்றைக்கு ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது, மற்ற எல்லோரும் முதல் பகுதியோடு திரும்புகிற ஊர்சுற்றிகள். டீச்சர் போர்டை எழுதிக்கொண்டார், வரிசையில் நின்றார், என்னிடம் இரண்டு வார்த்தை பேசினார், சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பதினொன்றரைக்குப் பாதைக்காரர் திரும்பி வந்தார். ஒரு வாரம் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெஜிஸ்டரைத் திருப்பியவர் டீச்சரின் கையெழுத்தில் விரலை வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏரிக்கா?"

"ஆமாண்ணே."

"என்ன கேட்டாங்க?"

"கையெழுத்துப் போட்டாங்க, போனாங்க," என்றேன்.

சுத்தியலையும் வாக்கி டாக்கியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று நான் அதிகாரிக்குப் போன் செய்தேன். பதறாதீர்கள், பாதை சரியாக இருக்கிறது என்று நம் போர்டே சொல்கிறதே என்றார் அவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

நான்கரை மணி நேரம் பிந்திக் கிளம்பியவர், ஒற்றைக் காலால், எப்படிப் பிடிக்க முடியும்? ஆனால் டீச்சர் மெதுவாக நடப்பவர். ஒவ்வொரு மரத்துக்கும் நின்று எழுதுவார். பாலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பலகைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். பாலத்தில் பிடித்துவிடலாம். இதைத்தான் நான் ஜன்னலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மணிக்கு ஊற்றில் இருந்து பேசினார். சேற்றில் டீச்சரின் பூட்ஸ் தடம் தெரிகிறது என்றார். மூன்று மணிக்கு இரண்டாம் பகுதியில் இருந்து. மூச்சு வாங்கியது. இரண்டு மரம் விழுந்திருக்கிறது, டீச்சர் தாண்டிப் போயிருக்கிறார். நின்று வலியைப் பொறுத்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. உட்காருங்கண்ணே என்றேன். நான்கே காலுக்குப் பாலம். அங்கே யாரும் இல்லை. பலகையில் ஆரஞ்சுத் தோல் கிடக்கிறது, இன்னும் காயவில்லை என்றார். அந்த ஆரஞ்சுத் தோலை நம்பி நான் சாமி கும்பிட்டேன்.

ஐந்து மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. பழக்கதோஷத்தில் என் கை சாக்பீஸை எடுத்துவிட்டது.

"நாலாம் பகுதி..." என்றார். காற்றுச் சத்தம் வந்தது. "நாலாம் பகுதி இல்ல, தங்கச்சி. ஆறாவது முளையில இருந்து இல்ல. எல்லாம் புது மண்ணு. கம்பி கீழ தொங்குது."

டீச்சர் என்றேன்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார்.

மறுநாள் காலை கயிறு கட்டி இறங்கியவர்கள் டீச்சரைக் கண்டெடுத்தார்கள். விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்றார்கள். இதை எல்லோருக்கும் சொல்வார்கள், நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாதைக்காரரைத் தனியாக ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். முட்டி கறுத்திருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணை வந்தது. ஒரு முழு நாள் கூட நடக்கவில்லை. பாதைக்காரர் ஊன்றுகோலோடு போய் நின்று, பதினேழு நாளாக நான் அந்த முளைகளைத் தட்டிப் பார்க்கவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். டீ வரவழைத்தார். உங்களுக்கு உடம்பும் மனசும் சரியில்லை, போய் ஓய்வெடுங்கள் என்றார். அவர் சொன்னதை எழுதினால் எங்கள் அதிகாரியின் ஒற்றைத் தேதியையும் எழுத வேண்டிவரும் அல்லவா? அறிக்கையை டைப் அடித்தது நான். மழையால் ஏற்பட்ட இயற்கையான மண்சரிவு. அறிவிப்புப் பலகை அன்றைய தேதியுடன் முறையாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. பயணி தனியாகச் சென்றது கவனக்குறைவு. 'கவனக்குறைவு' என்ற சொல்லை டைப் அடித்துவிட்டு நான் கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு வந்து முற்றுப்புள்ளி வைத்தேன்.

அவரை வாசலில் உட்கார வைத்தார்கள். எதற்குப் பயந்து இத்தனையும் மறைத்தாரோ அதே நாற்காலி. போர்டு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், யார் முகத்தையும் பார்க்க மாட்டார். முழங்கால் ஜோக்கைச் சொல்லச் சொல்லிப் பழைய ஆட்கள் கேட்டால், கேட்காதது போல இருப்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் டீச்சரின் தம்பி வந்தார். டீச்சருடைய அதே நெற்றி. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. பாதைக்காரரை ஆபீஸுக்குள் கூப்பிட்டு எதிரே உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தார். நான் என் மேஜையில் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கோடு போட்டேன். தம்பி மெதுவாகத்தான் பேசினார். அறிக்கையில் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறதாம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாளாம். அடங்காமல் மலைமலையாகத் திரிந்தாள், கவனமில்லாமல் போய்ச் செத்தாள் என்று செத்த மகளைத் தினமும் திட்டுகிறாளாம்.

"அக்கா நோட்டு முழுக்க உங்களைப் பத்திதான் சார் இருக்கு," என்றார். "போர்டு ஓர் அங்குலம்கூடத் தப்பாதுன்னு எழுதியிருக்கா. அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன். எங்கக்கா கவனமில்லாம போனாளா?"

"இல்ல தம்பி," என்றார் பாதைக்காரர். "போர்டுதான் பொய். நான் பதினேழு நாளா அங்க போகல. முட்டி வலின்னு வெளிய சொல்லாம, அப்படியேன்னு சொல்லிட்டு இருந்தேன்."

தம்பி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பாலத்தில் உட்கார்ந்து எழுதியது. பலகைகள் முப்பத்திரண்டு, சரி. இரண்டாம் பகுதியில் இரண்டு மரம், அண்ணாவிடம் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே இருந்ததை அவர் சத்தமாகப் படித்தார். "நான்காம் பகுதி, கம்பி உறுதி. மழைக்குப் பின் பார்த்ததா என்று காலையில் ஆபீஸில் கேட்டேன். நேற்றே பார்த்தாச்சு என்று பதில்."

நோட்டை மூடவில்லை.

"கேட்டிருக்கா சார். வாயைத் திறந்து கேட்டிருக்கா. யார் சொன்னது, பார்த்தாச்சுன்னு?"

பாதைக்காரர் அன்று காலை டவுனில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் இருந்தது நான். வரிசையில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், முட்டி விஷயம் வெளியே வரும், அண்ணி என்னை என்ன நினைப்பாள் என்று ஒரு நொடி ஓடியது. "நேத்தே பார்த்தாச்சு டீச்சர், இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கு பாருங்க" என்று நான்தான் சொன்னேன். அடுத்த ஆளின் பணத்தை வாங்கிக்கொண்டேதான் சொன்னேன். டீச்சர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கோடு போட்டுக்கொண்டிருந்த ஸ்கேல் என் கையில் நின்றுவிட்டது. பாதைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு அந்த நொடியில்தான் தெரிந்திருக்கும். ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நான்தான் தம்பி சொன்னேன்," என்றார்.

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. எழுந்தார். நோட்டை உறைக்குள் போட்டு, அதன் வாயை இரண்டு தடவை மடித்தார். "நீங்க இதோட ரொம்ப வருஷம் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைத் தாண்டித்தான் போனார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவர் போனபின் நான் அண்ணே என்றேன். விடு என்பது போல அவர் கையைக் காட்டினார். என்ன பேசினாலும் அந்த நாற்காலியிலிருந்து அதற்கு மேல் எதுவும் வராது என்று எனக்குத் தெரிந்தது. ஐந்து மணிக்குப் புதுப் பாதைக்காரன் வாக்கி டாக்கியில் வந்தான். அவர்கள் வெட்டிய புதுத் தடத்தைச் சேர்த்து இப்போதும் ஐந்து பகுதிதான். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். நான்கு அப்படியே என்றான். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேனே அக்கா என்றான். அவன் பாலத்தைத் தாண்டினானா இல்லையா என்று இங்கே ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாசலுக்குத் திரும்பியிருந்த பாதைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு வழி விட்டார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போர்டில் இன்னும் நான்தான் எழுதுகிறேன். பாதைக்காரர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேர், ஒரு டீச்சரைப் பொய் சொல்லி மேலே அனுப்பிக் கொன்றவர் இவர்தான் என்று வாசலில் நின்றே பேசினார்கள். அண்ணி உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.